முத்திரை குத்தாத கோல்

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த பூல் விளையாட்டுக் கூடத்தில் அவளை எல்லோரும் டிப்பு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மேசைமேல் பந்துகளைக் குத்தி உருட்டுகிற க்யூ கோலின் நுனியில், பந்தைத் தொடுகிற இடத்தில் ஒட்டியிருக்கும் சின்னத் தோல் வட்டுக்கு டிப்பு என்று பெயர். தேய்ந்துபோன டிப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு ஒட்டி, ஓரம் சீவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிக் கொடுப்பது அவள் வேலை. கூடத்தின் மூலையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு மேசை, ஒரு சின்ன லேத், ஒரு விளக்கு. அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். புதிதாக வருகிறவர்கள் பேரைக் கேட்டுச் சிரித்தால், “நான் டிப்பு வைக்கிறவ, வாங்குறவ இல்ல” என்பாள். அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. கேட்கிறவர்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சிரித்தார்கள்.

அலுப்பு அவளுக்குப் பழகின சங்கதி. காலையில் அவள் எழும்போதே அதுவும் கூட எழுந்துவிடும். வீட்டுக்காரருக்கு நெஞ்சு சரியில்லை. வருஷக்கணக்காக மரத்தூளையும் வார்னிஷ் ஆவியையும் இழுத்த நெஞ்சு. நீளமாக ஒரு வாக்கியம் பேசினால் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மீதியைச் சொல்ல முடியும். அவருக்கு வெந்நீர் வைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, மதியத்துக்குச் சமைத்து மூடிவைத்துவிட்டு, பஸ் பிடித்து வந்து மாடி ஏறும்போது ஒரு நாள் வேலையை முடித்த களைப்பு வந்திருக்கும். அன்றைய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

இந்தத் தொழிலுக்கு அவள் சுற்றி வளைத்துத்தான் வந்து சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு செருப்புக் கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிற மேசையில் இருந்தாள். அண்ணன் மேசை நாற்காலி செய்கிற தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தார். பக்கத்து லேத்தில் நின்ற நண்பரையே தங்கைக்குப் பேசி முடித்தார். “முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்ப என்னைப் பார்த்ததைவிட எங்க கட்டில் காலைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்” என்று அவள் பின்னாளில் சொல்வதுண்டு.

மச்சானும் மாப்பிள்ளையும் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார்கள். நாற்காலிக் காலில் ஆரம்பித்து, யாரோ ஆசைப்பட்டுக் கேட்டதற்காக ஒரு க்யூ கடைந்து கொடுத்து, நாளடைவில் அதுவே முழுநேர வேலை ஆகிவிட்டது. பின்பாதியான கைப்பிடி அண்ணன் பொறுப்பு. வெளிர் மரத்துக்குள் கருங்காலியை ஈட்டி முனைபோலக் கூராக்கிப் பதிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முன்பாதி, அதாவது பந்தை நோக்கி மெலிந்துகொண்டே போகும் ஷாஃப்ட், வீட்டுக்காரர் பொறுப்பு. எந்த இடத்தில் மெலிய வேண்டும், எந்த இடத்தில் மெலியக்கூடாது என்பது அவர் உள்ளங்கைக்குத் தெரியும். இரண்டு பாதியையும் திருகிப் பூட்டுகிற ஜாயின்ட்டையும் அவர்தான் செய்வார். வேலை முடிந்ததும் கைப்பிடியின் அடியில் ஒரு சின்னக் குருவி முத்திரையைச் சூடுபோட்டுப் பதிப்பார்கள். ஒரே பட்டறை, ஒரே குருவி.

அந்தக் குருவியை விரட்டியது ஒரு மைக். பெரிய போட்டி ஒன்றில் ஜெயித்தவன் மேடையில் நின்று, இந்தக் கோலைச் செய்த கைக்கு நன்றி என்று சொல்லி அண்ணனை மட்டும் மேலே கூப்பிட்டான். அண்ணன் போனார். கை குலுக்கினார். போட்டோவுக்கு நின்றார். கீழே இன்னொருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மறந்தாரோ, கூச்சமோ, யாருக்குத் தெரியும். கீழே இருந்தவர் கடைசிவரை கைதட்டினார். மறுநாள் பட்டறைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. சண்டை என்று ஒரு சொல்கூட வெடிக்கவில்லை என்பதுதான் கொடுமை. வெடித்திருந்தால் யாராவது நடுவில் புகுந்து சமாதானமாவது பேசியிருப்பார்கள்.

அதன் பிறகு அண்ணன் தன் வேலைக்கு ஒரு நட்சத்திரம் குத்திக்கொண்டார். வீட்டுக்காரர் வீட்டுப் பின்னறையில் லேத்தைப் போட்டு, தன் வேலைக்கு மூன்று புள்ளி குத்திக்கொண்டார். நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள்தான். “உன் வீட்டுக்காரருக்கு இருமல் எப்படியாம்?” என்று அண்ணன் கேட்பார். “உங்க அண்ணன் இன்னும் அந்த இடுக்குக் கடையிலதான் மரம் வாங்குறாரா?” என்று இவர் கேட்பார். கேட்டதை அங்கே கொண்டுபோய் இறக்கி, பதிலை இங்கே தூக்கிவந்து, அதிலும் இடக்காக ஏதாவது இருந்தால் வழியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, எத்தனையோ வருஷமாக இந்தச் சுமைகூலி வேலையையும் அவள் பார்த்து வந்தாள். ஒரே மகளின் கல்யாணப் போட்டோவில்கூட ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன், நடுவில் அவள். போட்டோக்காரர் “நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க” என்று கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் காமிராவைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

பிறகு அண்ணன் கண் சரியில்லை என்று பட்டறையை மூடினார். வீட்டுக்காரருக்கு நெஞ்சு படுத்தியது. தோல் தெரிந்த ஒருத்தி வீட்டில் இருக்கிறாளே என்று பூல் கூடத்து முதலாளி மூலையில் இடம் கொடுத்தார்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒரு மதிய வேளையில் வந்து சேர்ந்தார். வாரம் தவறாமல் ஆட வருகிறவர். ஆள் வாட்டசாட்டம். குரல் மட்டும், பின்னால் படுத்திருப்பவர் எழுந்துவிடக் கூடாதே என்பதுபோல் அடங்கியே இருக்கும்.

“அக்கா, ஒரு ஆக்சிடென்ட்.”

“அடுத்தவங்க ஆக்சிடென்ட்டுக்கு ஓடுறவர் நீங்க. உங்களுக்கே வந்துடுச்சா?”

“ஸ்டிக்கை வண்டிக் கதவுல வெச்சு நசுக்கிட்டேன்.”

பையைத் திறந்து மேசைமேல் வைத்தார். முன்பாதி நீளவாக்கில் வாய் பிளந்திருந்தது. ஒட்டினால் நிற்காது என்று தொடாமலே தெரிந்தது. பின்பாதிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பினாள். கருங்காலி முனைகள் வெளிர் மரத்துக்குள் ஊசிபோல ஏறியிருந்தன. ஒவ்வொரு முனைக்கும் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு பச்சைக் கோடு.

“இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

“ஒரு பெரியவர் கொடுத்தார். ரத்தம் சுத்தம் பண்றதுக்கு வாராவாரம் நான்தான் கூட்டிட்டுப் போவேன். போற வழியெல்லாம் பூல் கதைதான். ஒருநாள் இதைக் கொடுத்து, இனிமே நான் குனிஞ்சு ஆடப்போறதில்ல, நீ ஆடுன்னார். யாரு செஞ்சதுன்னு நான் கேட்கவே இல்ல. இப்ப அவரும் இல்ல.” பிளந்த முன்பாதியைத் தள்ளி வைத்தார். “வேற ஷாஃப்ட் மாட்டிப் பார்த்தேன்க்கா. மரையே சேரல. இதைச் செஞ்ச ஆளு யாருன்னு தெரிஞ்சா அவர்கிட்டயே போய்க் கேட்கலாம். உங்களுக்குத் தெரியாத ஸ்டிக்கா?”

அவளுக்கு வாய்நுனிவரை பதில் வந்துவிட்டது. பச்சைக் கோடு அண்ணன் தனியாகப் போன பிறகு பிடித்த பழக்கம். வேறு யாரும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. ஆனால் அடியில் இருந்த ரப்பரைக் கழற்றி விளக்கில் காட்டிப் பார்த்தாள். நட்சத்திரம் இல்லை. அண்ணன் முத்திரை குத்தாமல் ஒரு விளக்குமாற்றுக் கட்டையைக்கூட வெளியே விடமாட்டார். மேல்பக்கம் பார்த்தாள். ஜாயின்ட் ஆணி பித்தளை. அண்ணன் எஃகைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். மேசை இழுப்பறையில் இருந்த மாதிரி ஷாஃப்ட்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். எதுவும் சேரவில்லை. விரலை ஓட்டிப் பார்த்தபோது மரத்தின்மேல் வார்னிஷ் இல்லை என்பதும் தெரிந்தது. எண்ணெய் தேய்த்த மரம். உலர்ந்த வழவழப்பு.

“கொஞ்ச நாள் விட்டுட்டுப் போங்க” என்றாள். “யாருன்னு பார்த்துச் சொல்றேன்.”

கோலோடு வீட்டுக்குப் போனதும் கால்கூடக் கழுவாமல் பின்னறைக்குப் போனாள். லேத்தின்மேல் பழைய போர்வை கிடந்தது. சுவரோரமாக, முடிக்காமல் விட்ட ஷாஃப்ட்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் நின்றன. வீட்டுக்காரர் கடைசிக் காலத்தில் கடைந்தவை. ஒன்றை எடுத்துப் பித்தளை ஆணியில் வைத்துத் திருப்பினாள். வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல இறங்கி, சத்தமில்லாமல் பூட்டிக்கொண்டது.

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது விளங்கியது. வார்னிஷ் ஆவி இனி ஆகாது என்று டாக்டர் கண்டித்த பிறகு, மரத்துக்கு எண்ணெய் போதும் என்று வீட்டுக்காரர் மாறினார். அந்த எண்ணெயை வாங்கிவந்ததே அவள்தான். அதற்குள் பட்டறை பிரிந்து பல வருஷம் ஆகியிருந்தது. கைப்பிடி அண்ணனுடையது, பிரிவுக்குப் பிந்தையது. பூட்டும் மினுக்கும் இவருடையது, அதுவும் பிரிவுக்குப் பிந்தையது. முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேருடைய கைகள் ஒரே கோலில் எப்படிச் சேரும்?

கட்டிலில் சாய்ந்திருந்தவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

“இது யாருதுங்க?”

அவர் பார்த்தார். கை தானாக நீண்டது. பாதியில் திரும்பிப் போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டது.

“நல்லா இருக்கே. யாருது?”

“அதைத்தான் நான் கேட்கிறேன்.”

“என்னுது இல்ல.”

“பின்னறை ஷாஃப்ட் இதுல கச்சிதமா உட்காருது.”

“மரை ஒண்ணுபோல இருக்கிறது உலகத்துல நடக்காததா?”

“உங்க பித்தளையும் ஒண்ணுபோல இருக்கு, உங்க எண்ணெயும் ஒண்ணுபோல இருக்கு. இன்னும் என்னென்ன ஒண்ணுபோல இருக்கணும்?”

அவருக்கு இருமல் வந்தது. பாதி நிஜம், பாதி சமயத்துக்கு உதவ வந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு எந்தப் பாதி எது என்று தெரியாதா? இருமி முடித்ததும், “உங்க அண்ணனைப் போய்க் கேளு” என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கூடத்துக்கு விடுமுறை நாளில் அவள் துணி துவைப்பதை ஒத்திப்போட்டுவிட்டு, கோலைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டிலும் உட்கார இடம் கிடைக்கவில்லை. இறங்கும்போது, இந்த ஓட்டுநருக்கு வேறு ஏதாவது ஒரு ஸ்டிக்கை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

அண்ணன் ஜன்னலோர நாற்காலியில், இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சில வருஷமாகவே அவர் அப்படித்தான் உட்காருகிறார். குளிர்கிறது போலும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அண்ணி டீ கொண்டுவந்தாள். அண்ணனுக்கு மட்டும் பெரிய குவளையில் பாதி அளவு. அதுவும் எப்போதும் பார்க்கிறதுதான்.

“இதைக் கொஞ்சம் பாருங்கண்ணே.”

சேலையைப் பிரித்து நீட்டினாள். வாங்குவதா வேண்டாமா என்று அவர் யோசித்தது தெரிந்தது. பிறகு கையை எடுத்து வாங்கினார். கைப்பிடியின் அடிப்பாகம் நாற்காலிச் சட்டத்தில் பட்டது. பட்டு, டக் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது. அவர் கோலை மடியில் கிடத்தி இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்ட பிறகுதான் அந்தச் சத்தம் நின்றது. கண் சரியில்லை என்று சொல்லிப் பட்டறையை மூடியது எதனால் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய குவளையும் பாதி டீயும் எதனால் என்றும் உறைத்தது.

அண்ணன் கட்டைவிரலைப் பச்சைக் கோட்டின்மேல் ஓட்டிக்கொண்டே போனார். ஜாயின்ட்டுக்கு வந்ததும் விரல் நின்றது. முன்னே போய், பின்னே வந்து, மறுபடியும் அங்கேயே நின்றது. தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அண்ணி காலிக் குவளைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

“என்னுது இல்ல” என்றார் அண்ணன்.

“முனை உங்களுது.”

“முனை என்னுது. கோல் என்னுது இல்ல.” ஜாயின்ட்டைக் காட்டி, “நான் இதை முடிக்கல” என்றார். கோலை அவள் பக்கம் தள்ளினார்.

ஜன்னலை உடைத்துவிட்டு நீ நான் என்று ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள். செய்த நல்ல காரியத்தை எனக்கு வேண்டாம், உனக்கு வேண்டாம் என்று தள்ளிவிடுகிற கிழட்டுப் பிள்ளைகளை இப்போதுதான் பார்க்கிறாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பஸ் நிறுத்தம்வரை அண்ணி கூடவே வந்தாள். மருந்துக்கடையைத் தாண்டியதும், நடையை நிறுத்தாமல், முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நான்தாம்மா கொண்டுபோய்க் கொடுத்தேன்.”

“யார்கிட்ட?”

“உன் வீட்டுக்காரர்கிட்ட. உங்க அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்ச புதுசு. இந்தக் கைப்பிடி வரைக்கும் எப்படியோ செஞ்சுட்டார். மேலே பூட்டு வைக்க முடியல. ஆணி கோணலா போகுது. போட்டுட்டு எழுந்து போயிடுவார், மறுபடியும் வந்து உட்காருவார். செய்யச் சொன்ன பெரியவர் வந்து வந்து கேட்டுட்டுப் போறார். ஒருநாள் இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து பெட்ஷீட்ல சுத்தி எடுத்துக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துட்டேன். நீ எங்கேயோ வெளியே போயிருந்தே.”

“அவர் என்ன சொன்னார்?”

“கையில வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த வாரம் வாங்கன்னார். நான்தான் கெஞ்சிக் கேட்டேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்க சம்சாரம்கிட்டகூடச் சொல்லாதீங்கன்னு. கை நடுங்குதுன்னு வெளியே தெரிஞ்சா உங்க அண்ணன் தாங்கமாட்டார். இவர்கிட்ட, ஒரு கட்டில் பட்டறையில கொடுத்து முடிச்சேன்னு சொல்லி, அப்படியே பெரியவர்கிட்ட சேர்த்துட்டேன். இவர் கண்ணுலயே காட்டல. காட்டினா கண்டுபிடிச்சுடுவாரே.”

“இப்பக் கண்டுபிடிச்சுட்டார்.”

“பார்த்தேன்” என்றாள் அண்ணி. “வீட்டுக்குப் போனா என்ன சொல்லப்போறாரோ.”

பஸ் வந்தது. இந்தத் தடவை உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. எத்தனை வருஷம் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்திருப்பாள். இருமலை விசாரித்து, மரக்கடையை விசாரித்து, கோபத்தை இறக்கி, மரியாதையை ஏற்றி. அத்தனைக்கும் அசையாதவர்கள், அவள் வீட்டில் இல்லாத ஒரு பகலில், அவளுக்குத் தெரியாமல், ஒரு கோலுக்குள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். தன்னை விட்டுவிட்டு எல்லோரும் எங்கோ போய்வந்ததுபோல இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை தூக்கச் சலிப்பாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டாள். காற்றில் தானாகக் காய்ந்தது.

வீட்டில் அவர் விழித்துத்தான் இருந்தார்.

“அண்ணி சொல்லிட்டாங்க” என்றாள்.

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். “சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. அதான்.”

“எனக்குக்கூடவா?”

“உனக்குத் தெரிஞ்சா உன் முகத்துல தெரிஞ்சுடும். அடுத்த வாரம் அந்த முகத்தைத் தூக்கிக்கிட்டுதானே அங்க போவே?”

அது உண்மைதான். அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“பேசமாட்டேன்னு இருந்தவர், ஏன் செஞ்சீங்க?”

அவர் மூச்சு சேகரித்துக்கொண்டார். “வேலை நல்லா இருந்துச்சு. பச்சைக் கோடு போட்டிருந்தார் பாரு. அதைப் பாதியில கிடக்கவிட மனசு வரல.” மறுபடியும் மூச்சு. “பேசுறது வேற. இது வேற.”

“முத்திரை ஏன் குத்தல?”

“எதைக் குத்துறது? நட்சத்திரம் குத்த நான் யாரு? மூணு புள்ளி குத்தினா அவர் முனையைத் திருடின மாதிரி.”

“குருவி இருந்துச்சே.”

“அந்த அச்சு எங்க போச்சோ” என்றார்.

ஷாஃப்ட்டைத் தானே செய்து தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா? மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே காலை வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்தார். தூள் பறக்கிற வேலையை அவள் வாங்கிக்கொண்டாள். அவர் மூச்சு முட்டும்போது லேத்தை நிறுத்தவும், அடங்கியதும் ஓட்டவும் பக்கத்தில் நின்றாள். எரிச்சல் அவளுக்குத் தீரவில்லை. “சுவிட்ச் போடு” என்றால் போட்டாள், “நிறுத்து” என்றால் நிறுத்தினாள். அதைத் தவிர அந்த நாட்களில் அவர்களுக்குள் பேச்சு குறைவுதான். நுனியில் டிப்பை மட்டும் அவள் தன் கையால் ஒட்டினாள்.

ஓட்டுநர் வாங்க வந்தபோது மாட்டிப் பார்த்து, குனிந்து ஒரே ஒரு அடி அடித்துப் பார்த்தார். பந்து போன இடத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதே கைதான்க்கா. யாரு?”

“முன்னாடி என் வீட்டுக்காரர். பின்னாடி என் அண்ணன்.”

“ரெண்டு பேரும் ஒண்ணா செஞ்சாங்களா?”

“ஒண்ணா இல்ல. ஆனா ரெண்டு பேரும் செஞ்சாங்க.”

அவருக்கு அது பிடிபடவில்லை. ஆனால் வேலையில் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்த மனுஷர், தோண்டிக் கேட்கவில்லை. “பின்பாதி செஞ்சவருக்கும் ஒரு நன்றி சொல்லணுமே” என்றார். “ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. என் கார்ல கூட்டிட்டுப் போறேன். உங்க வீட்டுக்காரரையும் கூப்பிடுங்க. சைரன் இல்லாம மெதுவாவே ஓட்டுவேன்.”

வீட்டுக்காரர் முதலில் வரமாட்டேன் என்றார். பிறகு படி ஏற முடியாது என்றார். பிறகு சட்டை இஸ்திரி போடவில்லை என்றார். சட்டைவரை இறங்கி வந்துவிட்டார் என்றால் வந்த மாதிரிதான் என்று தெரிந்து அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

அண்ணன் வீட்டு மாடிப்படியில் அவர் நின்று நின்று ஏறினார். ஓட்டுநர் தொழில்முறைப்படி ஒரு கை பின்னால் வைத்தபடியே வந்தார். கதவு திறந்திருந்தது.

“வாங்க மாப்ள” என்றார் அண்ணன். “படி ஏறிட்டீங்களா?”

“ஏறிட்டேன் மச்சான்.”

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணி டீ கொடுத்தாள். ஓட்டுநர் கோலின் இரண்டு பாதியையும் அண்ணனிடம் நீட்டி, “நீங்களே மாட்டிக் கொடுங்க” என்றார். அண்ணனுக்குக் கை நடுங்கும் என்பது அவருக்குத் தெரியாது.

அண்ணன் வாங்கினார். ஆணியும் துளையும் சேரவில்லை. ஒரு தடவை நழுவியது. மறுதடவையும் நழுவியது. பித்தளை மரத்தில் பட்டு டிக் டிக் என்றது. ஓட்டுநர் புரிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் எழப் பார்த்தாள். வீட்டுக்காரர் கையைக் காட்டி உட்கார வைத்தார். உதவிக்கு அவரும் கை நீட்டவில்லை.

“அவசரம் ஒண்ணுமில்ல மச்சான்” என்றார். “நான் மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் நேரம் இருக்கு.”

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் மரை பிடித்தது. அண்ணன் உள்ளங்கையால் உருட்டி உருட்டிப் பூட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“என்ன மாப்ள, எண்ணெயைப் போட்டுப் பளபளப்பையே கெடுத்துட்டீங்க.”

“வார்னிஷ் அடிச்சிருந்தா கோல் பளபளன்னு இருந்திருக்கும், நான் இருந்திருக்கமாட்டேன்.”

அண்ணன் சிரித்துவிட்டார். இவரும் சிரிக்கப் போய் இருமலில் முடிந்தது. அண்ணி தண்ணீர் கொண்டுவர ஓடினாள். மேடை, மைக், போட்டோ எதைப் பற்றியும் அன்று பேச்சு வரவில்லை. பசை எந்த மரத்துக்கு நிற்காது என்பதில் தொடங்கி, பழைய தொழிற்சாலை மேஸ்திரியின் வழுக்கைவரை போய், களைத்துப்போய் நின்றார்கள்.

கிளம்பும்போது அண்ணன் அவளைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். தணிந்த குரலில், “உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, லேத்துப் பக்கம் இனிமே போகக்கூடாதுன்னு. நெஞ்சு ரொம்ப மோசமா இருக்கு” என்றார்.

“அங்கதானே நிக்கிறார். நீங்களே சொல்லுங்கண்ணே.”

“நான் எப்படி...”

“எனக்கு முடியலண்ணே” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. “இத்தனை வருஷம் சுமந்தாச்சு. இனிமே முடியல.”

காரில் ஏறினதும் வீட்டுக்காரர், “கைக்கு டாக்டர்கிட்ட காட்டினாரான்னு உங்க அண்ணனை ஒரு வார்த்தை கேளு” என்றார். அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, அண்ணன் நம்பரை அழுத்தி, அவர் மடியில் வைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது. அவர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எதிர்முனையில் “ஹலோ” என்று கேட்டதும் வேறு வழியில்லாமல் காதில் வைத்தார்.

பூல் கூடத்தில் யாராவது அந்தக் கோலைக் காட்டி யார் செய்தது என்று கேட்டால், ஓட்டுநர் இப்போதெல்லாம் நீளமாகப் பதில் சொல்கிறார். ஆரம்பித்தால் ஒரு ஆட்டம் முடிகிறவரை ஓடும். பாதிப் பேர் நடுவிலேயே நழுவிவிடுகிறார்கள்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டில் போன் அடிக்கிறது. ஒருத்தருக்கு மூச்சு போதவில்லை, இன்னொருத்தருக்குப் போனைக் காதோரம் நிலையாகப் பிடிக்க முடியவில்லை. பேசுவதைவிட இடைவெளிதான் அதிகம். அண்ணன் டாக்டரிடம் போனாரா இல்லையா என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். அவள் கேட்பதில்லை. போன வாரம், விடுமுறை நாளில், மதியம் போன் அடித்தபோது அவள் பாத்திரங்களை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு, உள்ளறையில் பாயை விரித்துப் படுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், “ம்... ம்... சாப்ட்டேன்... நீங்க?” என்று கேட்டது. அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தூங்கிவிட்டாள்.